எல்லை தாண்டும் போலீஸார்

பிழைப்பை நாடி வெளி ராஜ்யங்களில் குடியேறியுள்ள நாம், ஊருக்குப் போகும்போதெல்லாம் ரயிலிலேயே இரண்டு மூன்று ராஜ்ய எல்லைகளைக் கடக்கிறோம். போலீஸ் இலாகா அந்தந்த ராஜ்யத்திற்கு உரியது. ஆயினும், வாரண்டின்றிக் கைது செய்யத்தக்க ஒருவனை இந்தியாவின் எந்த இடத்திற்குள்ளும் துரத்திச் செல்ல நமது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடமளித்தது. 2024-இல் அதற்குப் பதிலாக வந்த சட்டமும் அவ்வாறே அளிக்கிறது. தேசத்தின் எல்லையிலோ அவ்வுரிமை நின்றுவிடுகிறது.

அண்டை நாடுகள் இந்தச் சங்கடத்தை எங்ஙனம் தீர்த்துக்கொள்வது? பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் ஆகிய மூன்றும் 1962-இல் செய்துகொண்ட உடன்படிக்கை, தப்பியோடுபவனை எல்லைக்கு அப்பால் 10 கிலோமீட்டர் வரை துரத்த அனுமதித்தது. பிறகு 1985 ஜூன் 14 அன்று, ஷெங்கன் என்னும் லக்ஸம்பர்க் கிராமத்தருகே மோஸல் நதியில் நின்ற கப்பலொன்றில், இம்மூன்று நாடுகளுடன் பிரான்ஸும் மேற்கு ஜெர்மனியும் சேர்ந்து, எல்லைச் சோதனைகளைப் படிப்படியாக நீக்கக் கையொப்பமிட்டன. சாவடியை எடுத்துவிட்டால் திருடனுக்கும் வழி திறந்துவிடுமே என்ற கவலை இயல்பாகவே எழுந்தது. 1990-இல் கையொப்பமாகி 1995-இல் செயலுக்கு வந்த விரிவான ஒப்பந்தத்தின் 41-ஆவது ஷரத்து அக்கவலைக்கு ஒரு பரிகாரம்.

அதன் நிபந்தனைகளைச் சற்று கவனிப்போம். கையும் களவுமாகக் கண்டவனை, அல்லது காவலினின்று தப்பியவனை மட்டுமே துரத்தலாம். அதுவும் தரைவழி எல்லையில்தான். எல்லையைத் தாண்டும்போதேனும் அந்நாட்டு அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லவேண்டும். அவர்கள் நிற்கச் சொன்னால் நின்றுவிடவேண்டும். வீடுகளுக்குள் நுழையலாகாது. துப்பாக்கியை வைத்திருக்கலாம், தற்காப்புக்கன்றிச் சுடலாகாது. ஜெர்மனி தன் மண்ணில் தூரமோ நேரமோ வரையறுக்கவில்லை. பிரான்ஸோ துரத்த விட்டது, பிடிக்கும் உரிமையைத் தரவில்லை. தன் மண்ணில் அந்நியச் சீருடை ஒருவனைக் கைப்பற்றுவதை எந்த அரசும் எளிதில் பொறுப்பதில்லை அல்லவா?

நம் மனத்தைக் கவர்வது வேறொன்று. பிடிபட்டவன் அந்நாட்டுப் பிரஜையாக இல்லாவிடில், அவனை ஒப்படைப்பதற்கான முறையான கோரிக்கை வந்தாலன்றி, 6 மணி நேரத்திற்குள் விடுவிக்கவேண்டும். நள்ளிரவு முதல் காலை 9 மணி வரையிலான நேரம் இக்கணக்கில் சேராது. பாஷை புரியாத ஊரில் போலீஸ் நிலையத்தில் நின்று, தாம் இன்னார் என்று விளக்கமுடியாமல் தவித்தவர்கள் நம்மிலும் உண்டு. அவர்களுக்கு இந்த 6 மணியின் அருமை தெரியும். தேடப்படுவோர் விவரம் இன்று கணிப்பொறிகளில் நாடுவிட்டு நாடு நொடியில் பறக்கிறது. பிழையான ஒரு பதிவும் அதே வேகத்தில்தான் பறக்கும். அப்பதிவைத் திருத்தக் கோரி நீதிமன்றத்தை அணுகும் உரிமையை அவ்வொப்பந்தம் தனி மனிதனுக்கு அளித்தது. துரத்தும் அதிகாரத்தைக் காட்டிலும் இதையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

அன்றாட வேலையில் துரத்தல்கள் சொற்பமே. ஜெர்மனியின் கேல் நகரில் இரு நாட்டுப் போலீஸாரும் ஒரே கட்டடத்தில் அமர்ந்து, வண்டி எண்களையும் முகவரிகளையும் ஒருவருக்கொருவர் விசாரித்துச் சொல்கிறார்கள். பாலத்திற்கு அக்கரையில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்.