ஈர்ப்பு மையமும் உயிர்க்காப்பும்



ஈர்ப்பு மையம் என்னும் பாடத்தைப் பல்லாண்டுகள் வகுப்பறையில் நடத்தியவன் நான். தேர்வு முடிந்ததும் அதனை மறந்துவிடுவோர் பலர். ஆனால், ஆஸ்திரேலியப் பண்ணைகளில் அதை மறப்பவர் உயிரையே இழக்க நேரிடலாம். எவ்வாறு என்பதைச் சொல்கிறேன்.

அங்கே ஆடுமாடுகளை ஓட்டவும், வேலிகளைப் பார்வையிடவும், களைக்கொல்லி தெளிக்கவும் குவாட் பைக் என்னும் மோட்டார் வண்டி பயன்படுகிறது. பருத்த நான்கு சக்கரங்களுடன் மேடு, பள்ளம், சேறு எங்கும் அது செல்லும். நான்கு சக்கரம் உள்ள வண்டி எளிதில் கவிழாது என்று எண்ணுவது இயல்பு. அவ்வெண்ணமே ஆபத்து.

அவ்வண்டியின் அகலம் குறைவு. ஈர்ப்பு மையமோ உயர்ந்திருப்பது. சரிவின் குறுக்கே செல்லும்போது, அம்மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக் கோடு சக்கரங்களின் எல்லையைக் கடந்தால் வண்டி கவிழும். மருந்துத் தொட்டியை ஏற்றினால் மையம் மேலும் உயர்கிறது. தொட்டி பாதி நிறைந்திருப்பின், நீர் தாழ்ந்த பக்கம் பாய்ந்து வண்டியை இன்னும் சாய்க்கிறது. ஆகையால் ஓட்டுபவர் தம் உடலை மேட்டுப்பக்கம் சாய்த்துச் சமன் செய்ய வேண்டும். ஒருவருக்கென அமைந்த வண்டியில் மற்றொருவரை ஏற்றினால், உடலை அசைக்க இடம் ஏது? பெரியவர்களுக்கான வண்டியைப் பதினாறு வயது நிரம்பாதவர் ஓட்டலாகாது என்பதும், தலைக்கவசம் அணிய வேண்டும் என்பதும் அறிந்தோர் கூறும் விதிகள்.

ஏறத்தாழ 300 கிலோ எடையுள்ள வண்டி மார்பின்மீது விழுந்து அழுத்தினால் மூச்சு நின்றுவிடும். தனியே வேலை செய்பவரைத் தூக்கிவிட அருகில் ஆள் இராது. எனவே, 2021 அக்டோபர் 11 முதல் அந்நாட்டில் விற்கப்படும் புதிய பண்ணை வண்டிகளில், கவிழ்ந்தாலும் ஓட்டுபவர் நசுங்காதிருக்க இடம் தரும் காப்புச் சாதனம் கட்டாயமாயிற்று. மேலும், சுமையற்ற வண்டி பக்கவாட்டில் 28.81 பாகைச் சாய்வையேனும் தாங்கவேண்டும். கணிதம் பயில்வோர் அக்கோணத்தின் டேன்ஜென்ட்டைப் பாருங்கள், 0.55 வரும். சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்த ஈவே அது. சுமை ஏற்றி மையம் உயர்ந்ததும் ஈவு குறைகிறது. தாங்கும் சாய்வும் குறைகிறது.

சட்டம் வெற்று வண்டியைத்தான் சோதிக்கும். சுமையையும் சரிவையும் ஓட்டுபவரே சோதித்தாக வேண்டும். உங்களுள் சிலர் நாளை வேளாண் துறையில் இயந்திரங்களுடன் பழகுவீர்கள். எந்த வண்டியில் ஏறுமுன்னும் இப்பாடத்தை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.