குளிரில் மறுக்கும் எஞ்சின்

கனடா நாட்டின் மனிற்றோபா மாநிலம் குளிருக்குப் பேர்போனது. வினிப்பெக் நகரைச் சூழ்ந்த சமவெளியில் தை மாதத்து விடியற்காலைகளில் வெப்பநிலை சுழியத்தின் கீழ் 20 பாகை செல்சியசுக்கு இறங்குவது வழமை. அத்தகைய ஒரு விடியற்காலையிற் பண்ணையாளர் ஒருவர் கொட்டகையைத் திறந்து, தமது புதிய நாற்சில்லு வண்டியை அணுகுகின்றார் எனக் கொள்க. வண்டி வாங்கிச் சில மாதங்களே ஆகின்றன. தொலைவில் மாடுகள் வைக்கோலுக்காகக் காத்து நிற்கின்றன. அவர் பொத்தானை அழுத்துகின்றார். எஞ்சின் முனகுகின்றதேயன்றிப் பற்றிக்கொள்ளவில்லை. பலமுறை முயன்றபின் பற்றிக்கொள்கின்றது. ஆயினும் சிறிது நேரம் இருமிவிட்டு நின்றுவிடுகின்றது. புதிய வண்டியே இவ்வாறு செய்தால் யாரை நோவது? அவருடைய கை திருப்புளியைத் தேடுகின்றது. அந்தக் கையைச் சற்றே தடுத்து நிறுத்துவதுதான் இப்பேச்சின் நோக்கம்.

ஏ.ரி.வி. என்று அழைக்கப்படும் இவ்வண்டி, மோட்டார்ச் சைக்கிளைப் போல் இருக்கையும் கைபிடியும் உடையது. தாழ்ந்த காற்றழுத்தம் கொண்ட பருத்த சில்லுகளால் சேற்றிலும் மணலிலும் பனியிலும் செல்ல வல்லது. 1970ஆம் ஆண்டில் ஹொண்டா நிறுவனம் இதனை முச்சில்லு வண்டியாக அமெரிக்காவில் விற்பனைக்கு விட்டது. சுசுக்கி நிறுவனத்தின் நாற்சில்லு வண்டி 1982இல் வெளிவந்தது. முச்சில்லு வண்டிகள் எளிதிற் கவிழ்ந்து பலரைப் பலிகொண்டமையால், 1988இல் அமெரிக்காவில் அவற்றின் விற்பனை கைவிடப்பட்டது. இன்று நாற்சில்லு வண்டியே பண்ணையாளர்க்கும் ஆட்டிடையர்க்கும் காட்டு வேலைக்காரர்க்கும் துணை. ஆகவே, இது காலையில் இயங்க மறுப்பது வெறும் பொழுதுபோக்கிற்கு நேர்ந்த இடையூறு அன்று; ஒருவரின் பிழைப்புக்கே நேர்ந்த தடை.

குளிரில் எஞ்சின் ஏன் மறுக்கின்றது? இதற்கான விடையை யாழ்ப்பாணத்து மக்கள் அனுபவத்தால் அறிவர். 1990களிற் பொருளாதாரத் தடை நிலவிய காலத்திற் குடாநாட்டிலே பெற்றோல் அரிதாயிற்று. மோட்டார்ச் சைக்கிள்களும் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால், குளிர்ந்த எஞ்சினை மண்ணெண்ணெய் மாத்திரம் எழுப்பவில்லை. சிறு போத்தலிற் பேணிவைத்த பெற்றோலிற் சில துளிகளை ஊட்டி இயக்கினர். எஞ்சின் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய் பயன்பட்டது. காரணம் எளியது. எஞ்சினுள் எரிவது திரவம் அன்று, ஆவி. மண்ணெண்ணெய் ஆவியாவதற்கு மிகுந்த வெப்பம் வேண்டும். பெற்றோலுக்குக் குறைந்த வெப்பமே போதும். யாழ்ப்பாணத்து வெயிலில் மண்ணெண்ணெய்க்கு நேர்ந்த கதியே மனிற்றோபாவின் பனியிற் பெற்றோலுக்கு நேர்கின்றது. ஒரு பங்கு பெற்றோலுக்கு நிறையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்பது முற்றாக எரிவதற்குரிய கணக்கு. கடுங்குளிரிற் பெற்றோலின் ஒரு பகுதியே ஆவியாகின்றது. எஞ்சியது துளிகளாகவே சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றது. எனவே, எரியத்தக்க கலவை கிடைப்பதற்கு வழமையைவிட அதிகமான பெற்றோலை ஊட்டவேண்டியிருக்கின்றது. ‘சோக்’ என்னும் அமைப்பு இதற்காகவே உள்ளது.

இங்கேதான் பலர் தவறிழைக்கின்றனர். காபரேற்றர் பொருத்திய இவ்வகை வண்டிகள் பலவற்றில் சோக் என்பது காற்றை அடைக்கும் தகடு அன்று. மேலதிகப் பெற்றோலைக் கொணரும் ஒரு தனிச் சிறுவழியாகும். அவ்வழியே பெற்றோலை இழுப்பது எஞ்சினின் உறிஞ்சு விசை. பண்ணையாளர் பொறுமையிழந்து பெருவிரலால் வேகப்பிடியை அழுத்தும்போது காற்று தாராளமாக உட்புகுகின்றது. உறிஞ்சு விசை குன்றுகின்றது. வேண்டிய பெற்றோல் வராமற் போகின்றது. சோக்கை முழுமையாக இழுத்து, வேகப்பிடியைத் தொடாமல், ஒருமுறைக்கு ஐந்து வினாடிக்கு மேற் சுற்றாமல், இடையிடையே ஓய்வு கொடுத்து முயல்வதே முறை. எஞ்சின் பற்றிய பின்னர், அது சூடேறச் சூடேறச் சோக்கைப் படிப்படியாகத் தள்ளவேண்டும். ஒரு நிமிடத்திலேயே முழுவதும் தள்ளிவிட்டு, நின்றுபோனதே என வருந்துவதிற் பயனில்லை.

பெற்றோல் ஒருபுறமிருக்க, எஞ்சினைச் சுற்றவைக்கும் வலிமையும் குளிரிற் குன்றுகின்றது. சுழியத்தின் கீழ் 18 பாகையில் ஈயப் பற்றரியின் ஆற்றல் ஏறத்தாழப் பாதியாகின்றது. அதே வேளையில் எண்ணெய் பாகுபோல் இறுகி, எஞ்சின் சுற்றுவதைக் கடினமாக்குகின்றது. உதவுவோன் மெலிகின்றான், சுமையோ கூடுகின்றது. முழுமையாக மின்னேற்றிய 12 வோல்ற்றுப் பற்றரி, ஓய்வுநிலையில் 12.6 வோல்ற்று அல்லது சற்றுக் கூடுதலாகக் காட்டும். 12.4க்குக் கீழே நின்றால், எஞ்சினைக் குறைகூறுமுன் பற்றரிக்கு மின்னேற்றவேண்டும். எண்ணெய்த் தகரத்தில் 10டபிள்யூ–40, 5டபிள்யூ–40 என்றெல்லாம் பொறித்திருக்கும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னுள்ள எண் குறையக் குறைய, அந்த எண்ணெய் குளிரில் இலகுவாக ஓடும். கோடையில் ஊற்றிய எண்ணெயைக் கடுங்குளிருக்கு முன்னர் கைநூலின்படி மாற்றுவது அறிவுடைமை.

இனி, புதிய வண்டிக்கே உரிய சில குறைகளைக் காண்போர் வியப்புறுவர். புதியது என்பதாற் பழுதற்றது என்று முடிவு கட்டலாகாது. வண்டி விற்பனைக் கூடத்திற் பல மாதங்கள் நின்றிருக்கலாம். அப்போது காபரேற்றரின் கிண்ணத்திலே தேங்கிய பெற்றோல் பழுதடைந்து பிசினாகப் படிகின்றது. எஞ்சின் நின்றபடி மெதுவாக ஓடுவதை மெக்கானிக்மார் ‘ஐடில்’ என்பர். அவ்வோட்டத்திற்குப் பெற்றோல் வழங்கும் துளை அரை மில்லிமீற்றரிலும் நுண்ணியது. அதனை அடைப்பதற்குச் சிறிது பிசினே போதும். மேலும், அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து இவ்வண்டிகளுக்குப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதனாற் கலவை பெற்றோல் குறைந்ததாகவே அமைக்கப்பட்டு, அதனை மாற்றும் திருகாணியும் மூடி முத்திரையிடப்படுவதுண்டு. இத்தகைய எஞ்சின் குளிரிற் சற்றுச் சிணுங்குவது அதன் இயல்பே. வால்வுகள் புதிதில் இருக்கையிற் படிந்து இடைவெளி குறைவதும் உண்டு. அப்போதும் காலைத் தொடக்கம் கடினமாகும். முதல் 20 மணிநேர ஓட்டத்தை அண்டி முதற் பராமரிப்பைச் செய்விக்குமாறு பல கைநூல்கள் வற்புறுத்துவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. கோடையில் நிரப்பிய பெற்றோல் தாங்கியில் எஞ்சியிருப்பதும் கவனிக்கத்தக்கது. குளிர்நாடுகளில் மாரிகாலத்துக்கென எளிதில் ஆவியாகும் பெற்றோலையே விற்கின்றனர். கோடைப் பெற்றோல் அக்குளிருக்கு ஏற்றதன்று.

இவற்றுள் எது காரணம் என்பதை எஞ்சினே கூறும். கேட்கும் பொறுமைதான் வேண்டும். தொடக்கத்தில் எஞ்சின் மெதுவாகச் சுற்றினால், குறை பற்றரியிலோ மின்கம்பி இணைப்பிலோ எண்ணெயிலோ இருக்கும். விரைவாகச் சுற்றியும் பற்றாவிடின் பிளக்கைக் கழற்றிப் பார்க்கவேண்டும். அது பெற்றோலில் நனைந்திருந்தால், பெற்றோல் மிகுந்துவிட்டது, அல்லது தீப்பொறி இல்லை. உலர்ந்திருந்தால், பெற்றோல் வந்து சேரவில்லை. எஞ்சின் நன்கு சூடேறிய பின்னரும் சோக்கைத் தள்ளியதும் நின்றால், ஐடில் துளை அடைபட்டிருக்கலாம். அல்லது காபரேற்றரை உருளையோடு இணைக்கும் றப்பர்க் குழாய் தளர்ந்து காற்றை உறிஞ்சலாம். கரும்புகை கக்கித் தடுமாறினால், சோக் முழுமையாக மூடப்படவில்லை எனலாம். சில நிமிடம் நன்றாக ஓடிப் பின்னர் அடங்கினால், தாங்கியின் மூடியைத் திறந்து பார்க்கவேண்டும். உஸ் என்ற ஓசையுடன் காற்று உள்ளே பாய்ந்தால், மூச்சுக்குழாய் பனியாலோ மடிப்பாலோ அடைபட்டது என்று துணியலாம். ஒருமுறைக்கு ஒன்றை மாத்திரமே மாற்றவேண்டும். மூன்றை ஒருங்கே மாற்றியவன் குணம் கண்டாலும் காரணம் காணான்.

அண்மைக்கால வண்டிகள் பலவற்றிற் காபரேற்றரோ சோக்கோ இல்லை. எஞ்சினின் வெப்பத்தை உணர்கருவி கூற, சிறு கணினி பெற்றோலை அளந்து பீச்சுகின்றது. இவ்வகையிற் சாவியைத் திருப்பியதும் பெற்றோற் பம்பியின் ஓசை சில வினாடி கேட்கும். அது அடங்கிய பின்னரே எஞ்சினைச் சுற்றவேண்டும். பற்றரி தளர்ந்தால் கணினியும் தடுமாறும்.

ஐடில் ஓட்டத்தின் வேகத்தைக் கூட்டும் திருகாணி பலருடைய முதல் நாட்டத்துக்கு உரியது. அது கடைசியாக இருத்தல் வேண்டும். பல வண்டிகளில் ஐடில் வேகம் நிமிடத்துக்கு 1,200 முதல் 1,600 சுற்று வரை. குளிர்ந்த எஞ்சின் நிற்காதிருக்கவென அதனைக் கூட்டிவைத்தால், அதே எஞ்சின் சூடேறியதும் அளவுக்கு மீறி விரைந்தோடும். இவ்வண்டிகளிற் பெரும்பாலானவற்றிற் கிளச்சு வேகத்தைக் கொண்டே தானாகப் பிடிக்கின்றது. ஆகவே, கியரிலே விட்ட வண்டி ஓட்டுநர் அழுத்தாமலே நகரத் தொடங்கும். வாயிற்கதவைத் திறக்க இறங்கியவரை அவருடைய வண்டியே மோதுதல் கூடும். சூடேறிய எஞ்சினிலே, கைநூல் கூறும் அளவுக்கே திருகாணியை அமைக்கவேண்டும். முத்திரையிட்ட கலவைத் திருகாணியை உத்தரவாத காலத்தில் விற்பனையாளரிடமே ஒப்படைப்பது நன்று.

இவை யாவற்றினும் பெரிய எச்சரிக்கை ஒன்றுண்டு. குளிருக்கு அஞ்சிக் கொட்டகைக் கதவை மூடிக்கொண்டு எஞ்சினைச் சூடேற்றுவோர் உளர். பெற்றோல் மிகுந்த கலவை எரியும்போது காபனோரொட்சைட்டு மிகுதியாக வெளிவருகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றுவதிலும் 200 மடங்குக்கு மேலான பற்றுடன் அதனைப் பற்றிக்கொள்கின்றது. தலைவலியும் மயக்கமும் தோன்றும்போதே எழுந்து செல்லும் வலு அற்றுப்போகலாம். கதவைத் திறந்து வைப்பதும் போதாது. வண்டியை வெளியே தள்ளிய பின்னரே இயக்கவேண்டும். பற்றாத எஞ்சினை நாளையும் திருத்தலாம். போன உயிரைத் திருத்த முடியாது.

மனிற்றோபாப் பண்ணையாளரிடம் மீள்வோம். அவர் திருப்புளியை வைத்துவிட்டு வண்டியை வெளியே தள்ளுகின்றார். இரவு முழுதும் மின்னேற்றிய பற்றரியை மாட்டுகின்றார். சோக்கை முழுமையாக இழுத்துப் பெருவிரலை விலக்கிக்கொள்கின்றார். எஞ்சின் பற்றுகின்றது, சற்றே இருமுகின்றது, பின்னர் சீராக ஓடுகின்றது. அவர் வைக்கோலை ஏற்றி முடிப்பதற்குள் அது சூடேறிவிடுகின்றது. மாடுகள் அதிக நேரம் காத்திருக்கவில்லை.