கடல் கடக்குமுன் கேட்க வேண்டியவை
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பயில விரும்பும் நம் காலனிப் பிள்ளைகளுக்குச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் எங்களைப் பணித்தனர். எங்கள் மகன் ஜெர்மனியில் ஈராண்டு பயின்று மீண்டவன் என்பதொன்றே எங்களுக்குள்ள தகுதி.

கணித மேதை இராமானுஜன் 1914 மார்ச்சுத் திங்களில் சென்னையில் கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே ஒரு நாள், அப்போது மாணவராயிருந்த மகலனோபிஸ் அவரைக் காணச் சென்றார். இரவில் குளிர் தாங்காமல் மேலங்கியை அணிந்து, சால்வையும் போர்த்து உறங்குவதாக இராமானுஜன் கூறினார். படுக்கையிலோ கம்பளிகள் இருந்தன! அவற்றை விலக்கி உட்புகுந்து படுக்க வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. மகலனோபிஸ்தாம் விரித்துக் காட்டினார்.

இவர் கேட்கத் தெரியாதவரல்லர். சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராயிருந்தபோது, 1913 சனவரியில், முன்பின் அறியாத ஹார்டி என்னும் அறிஞருக்குத் தம் கணிதங்களை எழுதியனுப்பியவர் அவர். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை அளித்தது பின்னர்தான். ஆசிரியரை முதலில் தேடினார். ஊர் அதன்பின் வந்தது. அத்துணைத் துணிவுடையவரும் படுக்கையைப் பற்றிக் கேட்கக் கூசியிருத்தல் கூடும். போர்க்காலத்தில் சைவ உணவுக்கும் இடர்ப்பட்டார், 1917-இல் நோயுற்றார், 1919-இல் தாயகம் மீண்டு, 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் தம் 32-ஆம் அகவையில் மறைந்தார்.

எங்கள் மகனும் முதல் மூன்று மாதங்கள் தொலைபேசியில் "நலமே" என்றான். மார்கழியில் அங்கே பிற்பகல் நான்கு மணியளவிலேயே இருள் சூழ்ந்துவிடும். நாள்தோறும் ரொட்டியும் வாழைப்பழமும் உண்டு, எவரோடும் பேசாது கிடந்தானென்பது பின்னரே தெரிந்தது. பல்கலைக்கழகத்தில் மாணவர் குறை கேட்கவென்றே ஓர் அலுவலகம் இருந்தது. அவன் போகவில்லை, நாங்களும் துருவிக் கேட்கவில்லை. குற்றம் இரு பக்கமுமே.

அதற்கு முன்பும் ஒரு பிழை செய்தோம். இந்நகரத்து முகவர் ஒருவர் வேறொரு நாட்டுக் கல்லூரியைப் புகழ்ந்துரைக்க, முன்பணம் கட்டிவிட்டோம். மகனே பின்னர் எழுதிக் கேட்டபோதுதான், அப்படிப்பு வேறோர் ஊரிலுள்ள சிறு கிளையில் நடப்பது புலனாயிற்று. பணம் திரும்பவில்லை. முகவர் பலருக்குத் தரகு தருவோர் அக்கல்லூரிகளே என்பதை அறிந்துகொண்டு அவர்தம் சொல்லைக் கேளுங்கள். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஆயினும் ஓராண்டுச் செலவுக்கான தொகையை முடக்கக் கணக்கில் முன்கூட்டியே இட வேண்டும். வங்கிக் கடனிலும் படிக்குங்காலத்தில் தவணை கேட்கமாட்டார்கள். வட்டி மட்டும் ஏறிக்கொண்டேயிருக்கும். வீட்டுப் பத்திரத்தை ஈடாக வைக்குமுன் தந்தையர் இதனைக் காகிதத்தில் கணக்கிடல் நன்று.

போகாதிருத்தலும் இழுக்கன்று. மருத்துவர் உடல்நிலை கருதித் தடுத்தமையால் சர் சி. வி. இராமன் இங்கிலாந்து சென்று பயிலவில்லை. 1930-இல் நோபல் பரிசு பெற்ற அவர் 1948-இல் நிறுவிய ஆராய்ச்சிக் கழகம் நம் சதாசிவ நகரில் இன்றும் உள்ளது.

அதே 1930-இல் அவருடைய தமையனார் மகன் சந்திரசேகர் கேம்பிரிட்ஜ் புறப்பட்டார். அன்னையார் நோயுற்றிருந்தும் தடுக்கவில்லை. மறு ஆண்டு அன்னையார் மறைந்தபோது மகன் கடலுக்கு அப்பால் இருந்தார். 1983-இல் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று விமானங்கள் உள்ளன. எனினும் பயணச்சீட்டு வாங்கப் பணமும், தேர்வில்லாத நாளும் வேண்டுமல்லவா? அத்தகைய வேளை வந்தால் என் செய்வதென்று புறப்படுமுன்பே தாயும் பிள்ளையும் மனம்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். எங்கள் இல்லத்தில் அப்பேச்சை எடுக்க எவருக்கும் நா எழவில்லை.

எங்கள் மகன் இன்று விழா முடியும்வரை நூலக அறையில் இருப்பான். விண்ணப்பத் தாள்கள் வைத்திருப்போர் எடுத்துச் செல்லலாம். வாடகை, சமையல், குளிருடை எதுவாயினும் வினவுங்கள். கம்பளியைப் பற்றியும் கேட்கலாம்.