முளைத்தூணும் நாட்கணக்கும்
(அமராவதிபுதூரில் ஆற்றிய உரை)



செட்டிநாட்டுச் செம்புறை நிலம் பெரும்பாலும் இறுகியது. நம்மவர் வணிகத்தின்பொருட்டுக் கடல் கடந்து சென்ற சிங்கப்பூரின் காலாங் களிநிலமோ குழைவானது. அத்தகு நிலத்தில், ‘பைல்’ எனப் பலரும் வழங்கும் முளைத்தூணை ஆழ இறக்கியே மாடம் எழுப்புதல் வேண்டும்.

அடிக்குங்கால் களி கலங்குகின்றது. துகள்களிடை நின்ற நீர் அழுத்தமுற்று அவற்றின் பிடியைத் தளர்த்துகின்றது. அதனால் அன்று தூணின் வலிமை குறைந்தே தோன்றும். நாள் செல்லச் செல்ல நீர் கசிந்தகல, துகள்கள் நெருங்கித் தூணைப் பற்றுகின்றன, தாங்குதிறன் உயர்கின்றது. நீரகல மண் இறுகும் இயல்பைத் தெர்சாகி 1925இல் நூல்வழி விளக்கினார். சுகோவ், தென்வர் இருவரும் 1988இல் தந்த வாய்பாட்டின்படி, முதல் நாள் தொட்டுப் பத்தாம் நாள்வரை ஏறும் அளவே, பத்தாம் நாள் தொட்டு நூறாம் நாள்வரையும் ஏறும்.

எல்லா நிலமும் அன்னதன்று. நீர் நிறைந்த செறிவான நுண்மணலிலும் நைந்த களிப்பாறையிலும், முதலில் மிக்குத் தோன்றிய வலிமை பின்னர்க் குறைதலும் உண்டு. அடித்த அன்றே அளந்து முடிவுசெய்தால், முன்னதில் பொருள் வீண். பின்னதில் உயிர்க்கே கேடு. ஆதலின் நிலத்திற்கேற்ற நாள் பொறுத்து, மீண்டும் அடித்தோ சுமையேற்றியோ ஆய்தல் கட்டுவோர் கடன். நிலம் விடை கூறிய பின்னரே மாடம் எழுக!