அம்புக்குறி ஒட்டுகிற கை

மதிப்பிற்குரிய நடுவர் அய்யா அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, அழுத்தமாகப் பேசி அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, அவிநாசியப்பர் சன்னிதியில் இந்த ராத்திரியிலும் இடம்விட்டு நகராமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, நாளைக் காலை எட்டரை மணி ஷிப்டுக்குப் போக வேண்டியிருந்தும் காது கொடுக்கிற என் பனியன் கம்பெனிச் சொந்தங்களே, எல்லாருக்கும் வணக்கமுங்க.

‘தீர்ப்பான கொலை வழக்குகளைத் திரும்பக் கிளறும் ஆவணத் தொடர்கள் நீதிக்குத் துணையா, இடையூறா?’ இதுதான் தலைப்பு. துணையே என்று பேச வந்திருக்கிறேன்.

நடுவர் அய்யா, இந்தத் தலைப்புக்கு அவிநாசியை விடப் பொருத்தமான ஊர் வேறு இல்லை. சுந்தரமூர்த்தி நாயனார் இந்த ஊர்த் தெருவுக்குள் வருகிறார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாணத்து மேளச் சத்தம். எதிர்வீட்டில் அழுகைச் சத்தம். என்ன சங்கதி என்று கேட்கிறார். ஐந்து வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் குளத்துக்குக் குளிக்கப் போனார்கள், ஒருவனை முதலை விழுங்கிவிட்டது, தப்பித்த பிள்ளைக்கு இன்றைக்கு விசேஷம், பறிகொடுத்த வீட்டில் அழுகை என்கிறார்கள். நடந்து சில வருசம் ஆன கதை. ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. ‘அது முடிந்த விசயமுங்க சாமி’ என்று யார் சொல்லியிருந்தாலும் தப்பில்லை. ஆனால் சுந்தரர் அழுகிற வீட்டைத் தாண்டிப் போகவில்லை. குளக்கரைக்குப் போய் நின்று பாடினார். முதலை பிள்ளையைக் கொண்டுவந்து கரையில் விட்டது. விழுங்கிய வயதில் விடவில்லை, நடுவில் போன வருசங்களின் வளர்ச்சியையும் சேர்த்துத் தந்தது என்பது புராணம். முடிந்துபோனது என்று ஊர் நினைத்ததைத் திரும்பக் கேட்ட ஒருவரால் பெயர் பெற்ற மண் இது. இந்த மண்ணில் நின்றுகொண்டு, ‘தீர்ப்பு வந்தாச்சு, இனி யாரும் கேட்கக் கூடாது’ என்று எதிரணி நண்பர்கள் பேசுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அவர்கள் வைத்த முதல் வாதம், ‘கீழ்க்கோர்ட்டு, மேல்கோர்ட்டு, உச்ச நீதிமன்றம் எல்லாம் பார்த்து முடித்ததைக் கேமராக்காரர் என்ன பார்த்துவிடப் போகிறார்?’ என்பது.

நான் ஆறு வருசம் செக்கிங் டேபிளில் நின்றவள். கட்டிங் முடிந்து, ஓவர்லாக், பிளாட்லாக் எல்லாம் முடிந்து பனியன் எங்கள் டேபிளுக்கு வரும். உள்ளே கையை விட்டு, டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்போம். ஊசி ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்ப்போம். குறை இருந்தால் அந்த இடத்தில் சின்னதாக ஓர் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவோம். அதோடு எங்கள் வேலை முடிந்தது. பிரித்துத் தைக்க வேண்டியது டெய்லர். நாங்கள் பாஸ் பண்ணி, அயர்ன் பண்ணி, பெட்டியில் போட்டு டேப் ஒட்டிய பிறகும் பையருடைய ஆள் வருவார். ஒட்டிய பெட்டியைக் கிழித்து, நாலு பீஸை எடுத்து மறுபடி விரிப்பார். அதற்காக எந்த டெய்லரும் ‘என்னை அவமானப்படுத்திட்டாங்க’ என்று கோபித்துக்கொண்டதில்லை. நூறு ரூபாய் பனியனுக்கே ஒட்டிய பெட்டியைத் திறக்கிறோம். ஒரு மனுசனுடைய ஆயுசு உள்ளே இருக்கிற பெட்டியைத் திறக்கக் கூடாதா, நடுவர் அய்யா?

உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டால் பிழையே இருக்காதா? டெல்லி பக்கத்தில் நொய்டா, நிதாரி கிராமம். 2006 டிசம்பரில் ஒரு வீட்டை ஒட்டிய சாக்கடையில் குழந்தைகளின் எலும்புகள் கிடைத்தன. அந்த வீட்டு வேலைக்காரர் சுரேந்தர் கோலிக்குத் தூக்கு. 2011ல் உச்ச நீதிமன்றமே அதை உறுதி செய்தது. 2014 செப்டம்பரில் மீரட் சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நள்ளிரவுக்கு மேல் நீதிபதிகள் தடை போட்டதால் உயிர் நின்றது. அதே உச்ச நீதிமன்றம்தான் 2025 நவம்பர் 11 அன்று, அந்தத் தண்டனை நிற்காது என்று அவரை விடுதலை செய்தது. ஆவணப்படம் எடுத்ததால் விடுதலை ஆனார் என்று நான் சொல்லவில்லை. கடைசிக் கோர்ட்டு சொன்ன கடைசி வார்த்தையும் 14 வருசம் கழித்து மாறலாம் என்பதை அந்தக் கோர்ட்டே ஒத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்கிறேன். நீதிபதிகளுக்கே இருக்கிற அந்த அடக்கம் நமக்கும் வேண்டாமா?

இப்போது நம்ம தமிழ்நாட்டு வழக்குக்கு வருகிறேன்.

1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும், பாதுகாப்புக்கு நின்ற காவலர்களும், பார்க்க வந்த மக்களும் குண்டு வெடித்து உயிரிழந்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு பதறுகிறது. ஜூன் 11 அன்று ஜோலார்பேட்டையைச் சேர்ந்த பேரறிவாளனைக் கைது செய்தார்கள். வயது 19. விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நம்பித்தான் பிள்ளையை ஒப்படைத்தேன் என்று அவருடைய அம்மா அற்புதம்மாள் எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

அவர் மேல் இருந்த முக்கியமான குற்றச்சாட்டு, 9 வோல்ட் பேட்டரி இரண்டு வாங்கி, கொலைக்குத் திட்டம் தீட்டிய சிவராசனிடம் கொடுத்தார் என்பது. தீப்பெட்டி அளவுதான் இருக்கும் அந்த பேட்டரி, எந்தக் கடையிலும் கிடைக்கும். அதை வாங்கியது குற்றமா என்பது, எதற்கு என்று தெரிந்து வாங்கினாரா, தெரியாமல் வாங்கினாரா என்ற ஒரே கேள்வியில் தொங்குகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் எங்கே இருந்தது? போலீஸ் அதிகாரி எழுதிய வாக்குமூலத்தில் இருந்தது. சாதாரண வழக்கில் போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. அன்றைக்கு இருந்த தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் எஸ்.பி. அந்தஸ்து அதிகாரி எழுதினால் செல்லும் என்று இருந்தது. எழுதியவர் சி.பி.ஐ. எஸ்.பி. தியாகராஜன்.

1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அதே கோப்பைப் பார்த்து 4 பேருக்கு மட்டும் தூக்கு, 3 பேருக்கு ஆயுள் என்றது. மீதி 19 பேர் வெளியே வந்தார்கள். இது தடா குற்றமே இல்லை என்றும் சொன்னது. ஆனாலும் தடாவில் எழுதிய வாக்குமூலங்களை ஏற்றுக்கொண்டது. அந்த நாலு பேரில் ஒருவர் பேரறிவாளன்.

2011 செப்டம்பர் 9 அன்று தூக்கு என்று நாள் குறித்தார்கள். அதை நிறுத்தச் சொல்லிக் காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் தன் உயிரையே தீக்குக் கொடுத்தாள். ஆகஸ்ட் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது.

இரண்டு வருசம் கழித்து, 2013 நவம்பரில், ‘உயிர்வலி’ என்ற ஆவணப்படம். மரண தண்டனைக்கு எதிராக எடுத்த படம். அதில் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து பேசுகிறார், பணி ஓய்வு பெற்ற அதே தியாகராஜன். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என அந்தப் பையன் சொன்னான், அதை நான் எழுதவில்லை, எழுதியிருந்தால் வாக்குமூலத்தின் நோக்கமே கெட்டிருக்கும் என்ற பொருளில் சொல்கிறார்.

ஒரே ஒரு வாக்கியம், அய்யா. 22 வருசமாக எந்தக் கோர்ட்டுக் கோப்பிலும் இல்லாத வாக்கியம். மூத்த வழக்கறிஞர்கள் வாதாடியும் வெளியே வராத வாக்கியம், ஒரு கேமரா பொறுமையாகக் கேட்டபோது வெளியே வந்தது. 2017ல் அதையே அவர் பிரமாணப் பத்திரமாக உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்.

2011 செப்டம்பர் 9 அன்று தூக்கு நடந்திருந்தால்? 2013ல் அந்த வாக்கியத்தைக் கேட்க அந்தப் பிள்ளை இருந்திருக்க மாட்டார். அற்புதம்மாள் மட்டும்தான் கேட்டிருப்பார். ஒரு தாய் அதைக் கேட்டுவிட்டு எப்படி உயிரோடு இருந்திருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் மிகைப்படுத்திப் பேச விரும்பவில்லை. அந்த அதிகாரி சொன்னதை சி.பி.ஐ. ஏற்கவில்லை. 2014ல் தூக்கு ஆயுளானது, கருணை மனுவைக் காலம் கடத்தியதால். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டம் 142ஆம் பிரிவின்படி விடுதலை செய்தது. குற்றமற்றவர் என்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. ஆவணப்படம் தீர்ப்பைக் கிழித்துப் போடவில்லை, ஊரைத் தூண்டிவிடவில்லை. தையல் விட்ட இடத்தில் ஓர் அம்புக்குறி ஒட்டியது. எதிரணி நண்பர்களே, இதைத்தான் இடையூறு என்கிறீர்களா?

அவர்களுடைய இரண்டாவது வாதம் என் நெஞ்சைத் தொட்டது. ‘செத்தவர் வீட்டுப் புண்ணைக் கிளறுகிறீர்களே’ என்றார்கள். அந்த வலிக்கு முன்னால் நான் தலை வணங்குகிறேன். அதனால்தான் கேட்கிறேன். தப்பான ஆளைத் தண்டித்தால் செத்தவருக்குக் கிடைத்தது நீதியா? நிதாரிக் குழந்தைகளின் பெற்றோருக்கு 19 வருசம் கழித்தும் யார் கொன்றார்கள் என்ற பதில் இல்லை.

அமெரிக்காவில் டல்லஸ் நகரம். 1976ல் ராபர்ட் வுட் என்ற போலீஸ்காரரைச் சுட்டுக் கொன்றார்கள். டேவிட் ஹாரிஸ் என்ற 16 வயதுப் பையன், சுட்டது ராண்டல் ஆடம்ஸ் என்று சாட்சி சொன்னான். ஆடம்ஸுக்கு மரண தண்டனை. 1979ல் தண்டனைக்கு மூன்று நாள் முன்னால்தான் தடை கிடைத்தது. பிறகு எரோல் மோரிஸ் என்ற இயக்குநர் வந்து, சாட்சிகளை ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பேச விட்டார். 1986ல் ஹாரிஸிடம் கடைசியாகப் பேசப் போன அன்றைக்குக் கேமரா பழுதாகிவிட்டது. ஒரு டேப் ரெக்கார்டர் மட்டும் ஓடியது. அந்த நாடாவில், ஆடம்ஸ் குற்றம் செய்யவில்லை என்று அவன் வாயாலேயே வந்தது. ‘தி தின் ப்ளூ லைன்’ என்ற அந்தப் படம் 1988ல் வந்தது. 1989ல் தண்டனை ரத்தாகி ஆடம்ஸ் வெளியே வந்தார்.

இதில் எனக்குத் தூக்கம் கெடுக்கிற விசயம் வேறு ஒன்று. ஆடம்ஸ் உள்ளே இருந்த காலத்தில், 1985ல், அந்த ஹாரிஸ் இன்னொரு மனிதரைக் கொன்றான். தப்பான தீர்ப்பு ஒருவரை உள்ளே வைத்ததோடு நிற்கவில்லை, இன்னொரு வீட்டுக்குச் சாவையும் கொண்டுபோனது. பழைய வழக்கைக் கிளறாமல் விடுவதுதான் இறந்தவருக்கு மரியாதை என்றால், அந்த இரண்டாவது வீட்டுக்கு நாம் என்ன பதில் சொல்வது?

மூன்றாவது வாதம், ‘ஓடிடிக்காரர்கள் காசுக்காக ஒருபக்கமாகக் காட்டுகிறார்கள்’ என்பது. அப்படிக் காட்டுகிறவர்கள் உண்டு. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே குற்றவாளி என்று முடிவு கட்டுவதும் தப்புதான். அதைக் கண்டிப்பதில் உங்களோடு நானும் நிற்கிறேன். ஆனால் முதலில் கேமரா எப்போது வந்தது என்று பாருங்கள். நொய்டாவில் ஆருஷி என்ற சிறுமி கொலையான வழக்கில் 2008ல் செய்திச் சேனல்கள் அவளுடைய பெற்றோரை முச்சந்தியில் நிறுத்தின. 2013ல் ஆயுள் தண்டனை. 2017 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கைது செய்த அன்று மாலையே ‘கொலைகாரன்’ என்று முகத்தைக் காட்டுகிற கேமராவை ஊர் பொறுத்துக்கொள்கிறது. பத்து வருசம் கழித்து, கோப்பைப் படித்துவிட்டு, ‘இது சரியா?’ என்று கேட்கிற கேமராவை மட்டும் ஏன் பொறுக்க மாட்டேன் என்கிறது?

பார்க்கிறவர்கள் உணர்ச்சிவசப்பட்டால் நீதி குலைந்துவிடும் என்றும் எதிரணி நண்பர்கள் பயந்தார்கள். 2015ல் ‘மேக்கிங் எ மர்டரர்’ தொடரை உலகமே பார்த்தது. அதில் காட்டிய கொலை வழக்குக் கைதி ஸ்டீவன் ஏவரியை விடச் சொல்லி லட்சக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அவர் இன்னும் சிறையில்தான் இருக்கிறார். ஆதாரம் போதாது என்று நினைத்ததால் கோர்ட்டு அசையவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டிய எல்லாமே குறை என்று ஆகிவிடாது, வெறும் நூல் பிசிறு என்று தட்டிவிடுவதும் உண்டு. அதைச் சொல்ல வேண்டியவர் நீதிபதி. ஆனால் ஒட்டுகிற கையை வெட்டிவிட்டால், உண்மையான ஓட்டையும் பெட்டிக்குள் போய்விடும்.

நிறைவாக ஒன்று. பணம் இருக்கிறவருக்கு மேல்முறையீடு உண்டு, பெரிய வக்கீல் உண்டு. செங்கல் சூளையில், விசைத்தறியில், பனியன் கம்பெனி லைன் வீட்டில் இருக்கிறவன் சிக்கிக்கொண்டால் அவனுக்காகக் கேட்க யார் உண்டு? பஸ் ஏறி ஏறி ஊர் ஊராக அலைகிற ஒரு தாய் உண்டு. அந்தத் தாயின் குரலை எடுத்து நாலு பேர் காதுக்குக் கொண்டுபோக ஓர் ஒலிவாங்கி உண்டு. அதையும் பிடுங்காதீர்கள்.

நடுவர் அய்யா, நம்ம ஊர் முதலை விழுங்கிய பிள்ளையைப் போன வருசங்களோடு சேர்த்துத் திருப்பித் தந்தது. சிறை அப்படித் தராது. 19 வயதில் உள்ளே போன பேரறிவாளனுக்கு விடுதலைத் தீர்ப்பு வந்தபோது வயது 50. அந்த 31 வருசத்தைத் திருப்பித் தர எந்தப் பதிகமும் இல்லை, எந்தச் சட்டப் பிரிவும் இல்லை. அதனால்தான் சீக்கிரம் கேட்க வேண்டியிருக்கிறது, உரக்கக் கேட்க வேண்டியிருக்கிறது, திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது.

தெருவில் ஒரு வீட்டில் மேளமும் எதிர்வீட்டில் அழுகையும் கேட்டால், அழுகிற வீட்டு வாசலில் நின்று ‘என்ன நடந்தது?’ என்று கேட்பதுதான் அவிநாசியின் மரபு. அந்த மரபின்படி, இந்த ஆவணத் தொடர்கள் நீதிக்குத் துணையே என்று தீர்ப்பளிக்குமாறு கேட்டு அமர்கிறேன்.