ஒரு பிடி அரிசி

போன எபிசோடு முடிவில், "நல்லா வாழறதுன்னா உங்களுக்கு என்ன?"ன்னு கேட்டிருந்தேன். நிறைய பேர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தீங்க, நன்றி. பாதிப் பேர் மியூச்சுவல் ஃபண்டுன்னு சொல்றீங்க, மீதிப் பேர் மில்லட்டுன்னு சொல்றீங்க. கேட்டுச் சிரிச்சிட்டேன். ஏன்னா ஆடிப் பதினெட்டுக்குச் சிவகாசிக்குப் போயிருந்தப்போ, அடுப்படியில உட்கார்ந்து அம்மாகிட்ட நான் பேசினதும் இதே ரெண்டு விஷயம்தான்.

மத்த ஊர்ல ஆடிப் பதினெட்டுன்னா ஆத்தங்கரைக்குப் போவாங்க. எங்க ஊர்ல அன்னைக்கு அடுத்த வருஷக் காலண்டருக்கான ஆல்பம் வெளியிடுவாங்க. ஆகஸ்ட் மாசத்துலயே எங்களுக்கு 2025 வந்தாச்சு. அப்பா முப்பது வருஷம் ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தார். அம்மா பட்டாசு ஆலையில் பேக்கிங்.

முதலீடு பத்திப் பேசுறவங்க எல்லாரும் "ஒரே இடத்துல பணத்தைப் போடாதே"ன்னு சொல்வாங்க. இதை எங்க ஊர் மழை இல்லாததால கத்துக்கிட்டது. வறண்ட பூமி, விவசாயத்தை நம்ப முடியாது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார்னு ரெண்டு பேர் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கத்துக்கிட்டு வந்தாங்க. மழை இல்லாத வெயில் ஊருக்கு, காயவைக்கிற அந்தத் தொழில் அப்படிப் பொருந்திப்போச்சு. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேணுமே, அதுக்காக அச்சகம். அச்சகம் வந்த பிறகு காலண்டர், டைரி, நோட்டு. ஒண்ணு படுத்தா இன்னொண்ணு தாங்கும்னு ஊர் நம்பிக்கிட்டு இருந்தது.

ஆனா ஊர் தாங்கறதும் ஒரு வீடு தாங்கறதும் வேற வேற. 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பசுமைப் பட்டாசு மட்டும்தான், பேரியம் கூடாது. அந்தத் தீபாவளி முடிஞ்சதும் ஆலைகளை மூடிட்டாங்க. மாசக்கணக்கில் வேலை இல்லை. தீர்ப்பு சரியா தப்பான்னு இங்கே நான் பேச வரலை, டெல்லியில் மூச்சுத்திணறுற குழந்தையும் நிஜம்தான். எங்க தெருவில் அந்த மார்கழி எப்படி இருந்ததுன்னு மட்டும் சொல்றேன். கடன் சொல்ற பலசரக்குக் கடைக்காரரே கடையைப் பாதி நேரம்தான் திறந்தார்.

எங்க வீட்டில் அடுப்பு அணையலை. காரணம், அடுப்படி மூலையில் இருந்த ஒரு பழைய எவர்சில்வர் தூக்கு. அம்மா தினமும் உலையில் அரிசி போடுறதுக்கு முன்னாடி ஒரு பிடி எடுத்து அதில் போட்டுடுவாங்க. சின்ன வயசுல இருந்து பார்க்கிறேன், ஏதோ சாமிக்குன்னு நினைச்சிருந்தேன். கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு பிடி சுமார் 50 கிராம், ரெண்டு வேளைன்னா 100. மாசம் 3 கிலோ. சமைச்சு மிஞ்சினதை எடுத்து வைக்கிறது இல்லை. சமைக்கிறதுக்கு முன்னாடியே எடுத்துடணும், அதுதான் விஷயம்.

இது அம்மா கண்டுபிடிச்சதும் இல்லை. விருதுநகர்ல காமராஜர் படிச்ச சத்திரிய வித்தியாசாலா இந்தப் பிடி அரிசியால வளர்ந்த பள்ளிக்கூடம். வீட்டுக்கு வீடு ஒரு பிடி. வியாபாரிகள் பக்கம் அதையே மகிமைன்னு சொல்வாங்க. நடக்கிற வியாபாரத்தில் ஒரு சின்னப் பங்கு முதல்லயே பொதுப் பணத்துக்குப் போயிடும். நம்ம எஸ்ஐபி-க்கு எல்லாம் தாத்தா.

இப்ப நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிடறேன். ஆலை திறந்த பிறகு அம்மா ஒரு சீட்டுப் போட்டு, எடுத்த 60,000 ரூபாயை என்கிட்ட கொடுத்தாங்க. "நீ படிச்சவன்யா, எதுலயாவது போட்டு வை." நான் 2022-ல் அதை ஆப்ஷன் டிரேடிங்ல போட்டேன். ரெண்டு வாரம் லாபம். மூணாவது வாரம், ஒரு வியாழக்கிழமை எக்ஸ்பைரி அன்னைக்கு, மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முக்கால்வாசி போச்சு. மிச்சத்தை வச்சு மீட்டுடலாம்னு பார்த்து அதுவும் போச்சு. அடுத்த ஜனவரியில் செபி ஒரு ஆய்வு வெளியிட்டது. அந்த மார்க்கெட்ல தனிநபர்கள்ல 89 சதவீதம் பேருக்கு நஷ்டம். படிச்சப்போ ஆறுதலா இருந்ததுன்னு பொய் சொல்ல மாட்டேன். அது அம்மா பட்டாசு ஆலையில் உட்கார்ந்து சம்பாதிச்ச காசு. 2012-ல் முதலிப்பட்டி விபத்தில் முப்பதுக்கும் மேல செத்தாங்க. அன்னைக்கு அம்மா வீடு திரும்புற வரைக்கும் நான் தெருமுனையிலேயே நின்னவன்.

2023 பொங்கலுக்குப் போனப்போதான் சொன்னேன். அம்மா அப்போ காணத் துவையல் அரைச்சிட்டிருந்தாங்க. சென்னையில நீங்க கொள்ளுன்னு சொல்வீங்க. வறுத்த காணம், வத்தல், பூண்டு, கொஞ்சம் தேங்காய், புளி, உப்பு. குதிரைவாலிச் சோத்துல நல்லெண்ணெய் விட்டு இதைப் பிசைஞ்சு சாப்பிட்டா, நீங்க ஆர்டர் பண்ற 'ஹெல்தி பவுல்' எல்லாம் பக்கத்துல நிக்காது. குதிரைவாலி எங்க கரிசக்காட்டுப் பயிர். பசிக்குச் சாப்பிட்டதை இப்ப பாக்கெட் போட்டு நமக்கே விக்கிறாங்க. (அதுக்காக நான் விருதுநகர் எண்ணெய் புரோட்டாவை விட்டுட்டேன்னு நினைக்காதீங்க.)

நான் சொல்லி முடிச்சதும் அம்மா திட்டலை. அதுதான் கஷ்டமா இருந்தது. துவையலை வழிச்சு வச்சிட்டு, கையைக் கழுவிட்டு, சுவத்துல இருந்த தினசரிக் காலண்டர்ல அன்னைக்குத் தாளைக் கிழிச்சு, பின்பக்கம் என் பேரும் 60,000-ம் எழுதினாங்க. "மாசம் எவ்வளவு தருவே?" 2,500-ன்னு சொன்னேன். "வட்டி வேண்டாம். தேதி தவறக் கூடாது."

அந்தக் காலண்டருக்கு மேல ஒரு பழைய முருகர் படம். அதுவும் ஒரு காலண்டர்தான், வருஷம் முடிஞ்சதும் அப்பா தாளை வெட்டிட்டுச் சட்டம் போட்டது. கோவில்பட்டி கொண்டையராஜு வரைஞ்சது. மெட்ராஸ்ல ஓவியம் படிச்சு, ரமணாசிரமத்தில் இருந்து, நாடகக் கம்பெனிக்குப் படுதா வரைஞ்சு, கோவில்பட்டியில் தங்கிட்ட மனுஷன். கல்யாணம் பண்ணிக்கலை, சிஷ்யர்களோட வாழ்ந்து 1976-ல் போய்ச் சேர்ந்தார். கேலரிக்கே போகாத என் அம்மா தினமும் ஒரு ஓவியத்தைப் பார்க்கிறாங்கன்னா, அவரும் எங்க ஊர் அச்சகங்களும்தான் காரணம். பலசரக்குக் கடையில் இலவசமாக் கொடுத்த படம். அப்பாவுக்கு அதில் முகத்தை விட அச்சுதான் பிடிக்கும், "கலர் ஒண்ணு மேல ஒண்ணு எப்படி உட்கார்ந்திருக்கு பாரு"ன்னுவார்.

இப்ப என் வழக்கம் என்னன்னு கேட்டிருந்தீங்க. சம்பளம் வந்த அன்னைக்கே அம்மாவுக்கு 2,500, அவசரத்துக்குன்னு தனிக் கணக்கில் கொஞ்சம், மெடிக்கல் இன்ஷூரன்ஸ், அப்புறம் ஒரு சாதாரண இண்டெக்ஸ் ஃபண்ட். ஆப்ஷன் ஆப்பை அழிச்சாச்சு. ரெண்டு தடவை திரும்ப இன்ஸ்டால் பண்ணி அழிச்சேன், அதையும் சொல்லிடணும்ல.

பணம் வந்து சேர்ந்ததும் அம்மா அன்னைக்குத் தாளைக் கிழிச்சு, பின்னாடி 'வரவு'ன்னு எழுதிக் கம்பியில குத்தி வைப்பாங்க. இந்தத் தடவை எண்ணிப் பார்த்தேன். பதினெட்டு தாள் இருக்கு. இன்னும் ஆறு.