உங்கள் அடக்கத்தை இப்போதே எழுதி வையுங்கள்

(கல்லறைத் திருநாளையொட்டி நடந்த இளைஞர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இருபது, இருபத்தைந்து வயதுக்காரர்களிடம் வந்து சாவைப் பற்றிப் பேசுகிறேன். வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் வாயைக் கழுவச் சொல்வார்கள். ஆனால் இதைத் தள்ளிப்போடுவதால் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கத்தோலிக்க வீட்டில் சாவு விழுந்தால் பெரும்பாலும் மறுநாளே அடக்கம். பங்குத்தந்தைக்குச் சொல்ல வேண்டும், பூசைக்கு நேரம் கேட்க வேண்டும், பெட்டி, வண்டி, குழி எல்லாம் பார்க்க வேண்டும். அழுதுகொண்டிருக்கும் குடும்பம் அந்த நேரத்தில் யாரிடமும் நியாயம் பேசாது. "வழக்கம்போல் செய்துவிடுங்கள்" என்றுதான் சொல்லும். அந்த 'வழக்கம்' என்ற சொல்லுக்குள்தான் சாதி பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது.

என்ன வழக்கம்? தமிழ்நாட்டில் பல பங்குகளில் தலித் கத்தோலிக்கருக்குக் கல்லறை தனி. ஒரே தோட்டமாக இருக்கும் இடத்திலும் பக்கம் தனி. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் நடுவே எழுப்பப்பட்ட சுவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரே பலிபீடத்தில் நற்கருணை வாங்கியவர்களை மண்ணுக்குள் பிரித்துவைக்க ஒரு சுவர். எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் கல்லறை, சவ வண்டி, ஊர்வலம் போகும் பாதை ஆகியவற்றில் காட்டப்பட்ட பாகுபாட்டை எதிர்த்துத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அங்கே மோதல் வெடித்தது, காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். பிணம் எந்தத் தெருவில் போகலாம் என்ற கேள்வி எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இதுவே சாட்சி.

இது நேற்று வந்த வழக்கமும் இல்லை. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கே வேலை செய்த மிஷனரிகளில் பலர், பறையர் குடிசைக்குள் போய்ச் சாகக்கிடப்பவருக்கு நோயில்பூசுதல் கொடுக்க மறுத்தார்கள். உள்ளே போனால் மேல்சாதியினர் மதிக்கமாட்டார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். ரோமிலிருந்து தூதராக வந்த தூர்னோன், 1704இல் புதுச்சேரியில் ஆணை போட்டு இதைக் கண்டித்தார். நாற்பது ஆண்டு இழுபறிக்குப் பிறகு 1744இல் என்ன தீர்வு வந்தது தெரியுமா? பறையர்களுக்கென்று தனியாகச் சில குருக்களை நியமிப்பது. தீண்டாமையை ஒழிக்கச் சொன்னால், அதற்குத் தனி ஆள் போட்டார்கள். இன்றைய தனிக் கல்லறைக்கும் அன்றைய தனிக் குருவுக்கும் தர்க்கம் ஒன்றுதான்.

சரி, திருச்சபையின் சட்டம் என்ன சொல்கிறது? இதை நாம் படித்துவைத்திருக்க வேண்டும். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பை எடுங்கள். பங்குக்குச் சொந்தக் கல்லறை இருந்தால், வேறு இடத்தை முறைப்படி தேர்ந்துகொள்ளாத பங்கு மக்களை அதில்தான் அடக்க வேண்டும் என்கிறது எண் 1180. தான் அடக்கமாகும் கல்லறையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை, சட்டம் தடுத்தவர் தவிர எல்லோருக்கும் உண்டு என்றும் அதே எண் சொல்கிறது. அடுத்த எண் 1181: அடக்கச் சடங்கில் ஆள் பார்த்து நடத்தக் கூடாது, ஏழைக்கு உரிய அடக்கம் மறுக்கப்படக் கூடாது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டு ஏடும் தனி மனிதருக்கோ வகுப்புக்கோ சடங்கில் தனி மரியாதை கூடாது என்றது. இந்திய ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கையில், சாதிப் பாகுபாட்டைப் பாவம் என்று தானே ஒப்புக்கொண்டது. ஆக, சுவருக்குச் சட்டத்தில் இடமில்லை. வழக்கத்தில்தான் இருக்கிறது.

அரசின் சட்டமும் உண்டு. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பெயரால் இடுகாடு, சுடுகாட்டுக்குள் ஒருவரைத் தடுப்பதைக் குற்றம் என்கிறது. ஆனால் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவரைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியதால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவர்களுக்குக் கைகொடுப்பதில்லை. கல்லறையில் சாதி உண்டு, காவல் நிலையத்தில் சாதி இல்லை. இதுதான் நிலைமை.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் அடக்கத்தை இப்போதே எழுதி வையுங்கள். எந்தக் கோயிலில் பூசை. எந்தக் கல்லறை. அதற்குள் எந்த இடம் என்றால், சாதிப் பக்கம் பார்க்காமல், செத்த தேதி வரிசையில் அடுத்த குழி. எந்த வண்டி, எந்தத் தெரு வழியாக. குழி வெட்டுகிறவர் யார், அவருக்கு என்ன கூலி. சாவுச் சேதி சொல்லவும் குழி தோண்டவும் தலித் குடும்பங்களைக் கூப்பிடும் பழக்கம் ஊரில் இருந்தால், என் சாவுக்கு அது வேண்டாம் என்று எழுதுங்கள். நிரந்தரக் கல்லறை கட்டி இடத்தைப் பிடிக்க வேண்டாம் என்று எழுதுங்கள். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியிலும் கல்லிலும் சாதிப் பெயர் கூடாது என்று எழுதுங்கள். எரிக்கச் சொன்னாலும் தடையில்லை. 1963லிருந்து திருச்சபை அதை அனுமதிக்கிறது. சாம்பலைப் புனித இடத்தில் வைக்கச் சொல்கிறது, அவ்வளவுதான்.

எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பீரோவில் பூட்டிவிடாதீர்கள். அடக்கம் முடிந்த பிறகுதான் யாராவது பீரோவைத் திறப்பார்கள். வீட்டில் ஒரு படி, பங்குத்தந்தையிடம் ஒரு படி, சாவு வீட்டில் தைரியமாக வாய் திறக்கக்கூடிய தோழர்கள் இருவரிடம் ஒரு படி.

இதை முதலில் எழுத வேண்டியவர்கள் யார்? சாதிக் கத்தோலிக்கக் குடும்பங்களில் பிறந்த தோழர்கள். ஒரு தலித் அம்மாவின் மகன் "பொதுக் கல்லறையில் இடம் கொடுங்கள்" என்று கேட்டால், அதைச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்பார்கள். நீங்கள் "என்னை அந்தப் பக்கம் அடக்குங்கள்" என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? மறுக்க வேண்டுமென்றால் சாதியின் பெயரை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். சொந்தச் சாதிக்காரர்களோடு சண்டை வரும். வரட்டும். இதுவரை அந்தச் சண்டை முழுவதும் தலித் வீட்டுப் பிணத்தின் தலைமாட்டில்தான் நடந்திருக்கிறது.

சிலர் கேட்பீர்கள்: "நாங்கள்தான் மதத்தை விட்டுவிட்டோமே, உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கிறோம், எங்களுக்கு எதற்கு இது?" தாராளமாகக் கொடுங்கள், நல்ல முடிவு. ஆனால் உங்கள் அம்மா ஜெபமாலையை விடவில்லை. அவருக்குப் பூசையும் தீர்த்தமும் மந்திரித்த குழியும் வேண்டும். அது அவர் உரிமை. கடவுள் உண்டா என்பது வேறு விவாதம். அந்த ஆறடி மண் யாருக்கு என்பதுதான் இங்கே கேள்வி.

ஒரு தாள் சுவரை இடித்துவிடாது. அது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பங்கில் ஐம்பது பேர் இப்படி எழுதிக் கொடுத்தால், 'மக்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்' என்று பங்குப் பேரவை சொல்ல முடியாது. இந்த நவம்பர் 2 அன்று கல்லறைக்கு மெழுகுதிரி ஏற்றப் போவீர்கள். போகும்போது அந்தத் தாளின் ஒரு படியைப் பங்குத்தந்தையிடம் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால், ஏன் மறுக்கிறார் என்பதை எழுத்தில் கேளுங்கள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஆயரிடம் போவோம்.